சித்தூரில் சூதாட்டம், காட்பாடியில் திறமை

சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வேலை சொல்லிப் பாருங்கள். இங்கிலாந்தில் இருக்கும் வீடாக இருந்தால், "அஞ்சு நிமிஷம்ப்பா, டெட்லைன்!" என்று பதில் வரும். பரீட்சைக்கு இந்த அக்கறை இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பானே என்று பெருமூச்சு விடும் அப்பாக்களில் நானும் ஒருவன். அந்த டெட்லைன், ஃபேன்டஸி பிரீமியர் லீக் என்ற கற்பனைக் கால்பந்துப் போட்டிக்கானது. வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது கதவு மூடும். அதற்குள் அணியை மாற்றி, கேப்டனைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

"இது சூதாட்டமா இல்லையாங்க?" என்று தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு அம்மா கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நான் சித்தூர்க்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் சில வருடங்கள், இந்தக் கேள்விக்கான விடை நீங்கள் எந்த ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டிருந்தது. (நிஜமாகத்தான் சொல்கிறேன், கிண்டல் இல்லை.) அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று தெரியாத பெற்றோருக்காகக் கொஞ்சம் கணக்கு. பதிவு நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

புள்ளி எப்படி வருகிறது?

கையில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம் தருவார்கள். அதை வைத்து 15 வீரர்களை வாங்க வேண்டும். 2 கோல்கீப்பர், 5 தடுப்பாட்டக்காரர், 5 நடுக்களம், 3 முன்கள வீரர். ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. வாராவாரம் இந்தப் பதினைந்தில் பதினொருவரை இறக்க வேண்டும். அவர்கள் நிஜ மைதானத்தில் ஆடுவதற்கு உங்களுக்குப் புள்ளி. முக்கியமான விதிகள் இவ்வளவுதான்:

1. 60 நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால் 2 புள்ளி. குறைவாக ஆடினால் 1.
2. முன்கள வீரர் கோல் அடித்தால் 4. நடுக்களம் அடித்தால் 5. தடுப்பாட்டக்காரர் அடித்தால் 6.
3. கோலுக்கு வழி செய்து கொடுத்தால் 3.
4. தன் அணி கோலே வாங்காமல் இருந்தால் கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் 4, நடுக்களத்துக்கு 1. வாங்கும் ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் 1 போய்விடும்.
5. கோல்கீப்பர் மூன்று பந்தைத் தடுத்தால் 1. பெனால்டியைத் தடுத்தால் 5.
6. மஞ்சள் அட்டைக்கு 1 போகும், சிவப்புக்கு 3 போகும், சேம்சைடு கோலுக்கும் பெனால்டியைக் கோட்டைவிட்டாலும் 2 போகும்.
7. ஆட்டத்தின் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ்.
8. நீங்கள் கேப்டனாக வைத்தவரின் புள்ளி இரண்டு மடங்கு.

கோல் என்றால் கோல்தானே, ஆளுக்கு ஆள் ஏன் வேறு புள்ளி என்று கேட்கலாம். எங்கள் சித்தூர் மாங்காய் மண்டியில் தோத்தாபுரிக்கு ஒரு விலை, பங்கனபள்ளிக்கு ஒரு விலை. இரண்டும் மாங்காய்தான். ஏராளமாகக் கிடைப்பதற்கும் அரிதாகக் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. தடுப்பாட்டக்காரர் கோல் அடிப்பது அரிது, அதனால் விலை கூடுதல்.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம், இந்த விலைப் பட்டியலை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது. முகமது சலா 2024-25 சீசனில் 344 புள்ளி எடுத்தார். இந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை யாரும் எடுக்காத கணக்கு. 29 கோல், 18 கோலுக்கு வழி. அவரை முன்கள வீரர் என்று வகைப்படுத்தாமல் நடுக்கள வீரர் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். கோலுக்கு ஒரு புள்ளி வீதம் அதிலேயே 29 புள்ளி கூடுதல். சலாவின் கால் அப்படியேதான் இருந்தது, அவர் பெயரை எழுதிய கட்டம்தான் வேறு.

எதிர்ப்பக்கம் என்கோலோ கான்ட்டேயைப் பாருங்கள். 2015-16இல் லெஸ்டர், அடுத்த வருடம் செல்சி என்று இரண்டு வேறு கிளப்புகளோடு அடுத்தடுத்து பட்டம் வென்றவர். 2016-17இல் சக வீரர்களே ஓட்டுப் போட்டு ஆண்டின் சிறந்த வீரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்த சீசனில் லீக்கில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். ஓடி ஓடிப் பந்தைப் பறிப்பதற்குப் பட்டியலில் கட்டமே இல்லாததால், கற்பனை அணிகளில் அவரை வாங்க ஆள் குறைவு. 2025-26 சீசனில்தான் விதியை மாற்றினார்கள். ஒரே ஆட்டத்தில் பந்தை அப்புறப்படுத்துவது, மறிப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்துப் பத்து முறை செய்யும் தடுப்பாட்டக்காரருக்கு 2 புள்ளி. மற்றவர்களுக்கு, சிதறிய பந்தை மீட்பதையும் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டு முறை.

ஆக, புள்ளி என்பது ஆட்டமும் இல்லை, ஆட்டக்காரனின் மதிப்பும் இல்லை. எண்ண முடிந்ததை எண்ணி, அதற்கு யாரோ வைத்த விலை. பிள்ளைகளுக்கு இதைப் புரியவைத்துவிட்டால் பள்ளி ரேங்க்கிலிருந்து ஆபீஸ் அப்ரைசல் வரை பல இடத்தில் உதவும். :-)

ஒரு சீசனும் ஒரு ராத்திரியும்

இந்த மாதிரி விளையாட்டு புதிதில்லை. 1962இல் அமெரிக்காவில், ஓக்லாந்து ரைடர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த வின்கன்பாக் என்பவரும் நண்பர்களும் அவர்கள் ஊர்க் கால்பந்துக்கு (கையால் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) இப்படி ஒரு லீக் உருவாக்கினார்கள். பேப்பரில் வரும் முடிவுகளைப் பார்த்துக் கையால் கூட்டிக் கழித்த காலம். இங்கிலாந்தின் இந்த பிரீமியர் லீக் போட்டி 2002இல் ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு கோடிக்கும் மேல் பேர் ஆடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இதில் திறமை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது வெளியே தெரிய நேரம் பிடிக்கும். சலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்டத்தில் 29 கோல். ஆட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தாலும் குறைந்தது 9 ஆட்டங்களில் கோல் இல்லை. நிஜத்தில் சில நாள் இரண்டு அடித்தார் என்பதால் கோலில்லாத நாள் இன்னும் அதிகம். சரித்திரத்திலேயே சிறந்த சீசனை ஆடிய மனிதருக்கே அப்படி. ஏதோ ஒரு சனிக்கிழமை அவரைக் கேப்டனாக வைத்து நீங்கள் மண்ணைக் கவ்வியிருக்கலாம். ஆகஸ்டிலிருந்து மே வரை விடாமல் வைத்திருந்தவர் மண்ணைக் கவ்வியிருக்க முடியாது.

அதாவது, அதிர்ஷ்டம் ஒரு நாளில் ஆடும் ஆட்டத்தை 38 வாரம் கழுவிக் கழுவித்தான் அடியில் இருக்கும் திறமை தெரிகிறது. அந்த 38 வாரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே புள்ளிப் பட்டியலை ஒரே ராத்திரிக்கு, காசு கட்டி ஆடச் சொன்னால்? அதைத்தான் நம் நாட்டில் கிரிக்கெட்டை வைத்துச் செய்தார்கள்.

ட்ரீம்11 தொடங்கியது 2008இல். ஆரம்பத்தில் அதுவும் சீசன் முழுக்க ஆடும் இலவச விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு கட்டணம் என்று ஆனது. அதே பாணியில் வேறு பல செயலிகளும் வந்தன. 2020 ஐபிஎல்லுக்கே ட்ரீம்11தான் பெயர் ஸ்பான்சர். 2023இல் இந்திய அணியின் சட்டையிலும் ஏறியது. பல ஆண்டுகள் இருந்த அதன் டி20 பட்டியலில் ஒரு ரன்னுக்கு 1, ஒரு கேட்ச்சுக்கு 8, ஒரு விக்கெட்டுக்கு 25. கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பந்துவீச்சாளரைக் கேப்டனாக வைக்கிறீர்கள். மூன்று விக்கெட் எடுத்தால் 75, இரண்டு மடங்கில் 150. அவர் பந்தில் மூன்று கேட்ச்சையும் ஃபீல்டர்கள் தவறவிட்டால் அந்த 150 பூஜ்யம். அவர் வீசியது அதே பந்து, உங்கள் கணிப்பும் அதேதான். ராத்திரி பதினொரு மணிக்குக் காசு மட்டும் போயிருக்கும். அடுத்த முப்பத்தேழு வாரத்தில் சரிக்கட்டலாம் என்று இருக்க இங்கே அடுத்த வாரம் என்பதே இல்லை. நாளைக்கு இன்னொரு ஆட்டம், இன்னொரு கட்டணம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கட்டிய காசில் ஒரு பங்கை நடத்துகிறவர் முதலிலேயே எடுத்துக்கொள்வார். உதாரணத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று வைப்போம். 100 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் 5,000. அதில் 750 போக 4,250தான் திரும்ப வரும். அதே நூறு பேர் இருபது ராத்திரி ஆடினால் போட்டது 1 லட்சம், வந்தது 85,000. அந்த நூறு பேருமே கிரிக்கெட் மேதைகளாக இருந்தாலும் மொத்தத்தில் 15,000 நஷ்டம்தான். திறமை, அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று மட்டும்தான் முடிவு செய்யும்.

நிற்க. இப்போது ஊருக்குப் போவோம்.

எல்லைக் கோட்டின் இரண்டு பக்கம்

சித்தூர்க்காரர்களுக்கு எல்லை என்பது பாடப்புத்தக விஷயம் இல்லை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஆஸ்பத்திரிக்கு வேலூர், வேண்டுதலுக்குத் திருப்பதி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடியதும், கடைசியில் படாஸ்கர் வகுத்த கோட்டின்படி 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்ததும், திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றதும் உங்களில் பலருக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. அன்றைக்குக் கோடு போட்டவர்கள் எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று பார்த்துப் போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சூதாட்டம், அந்தப் பக்கம் திறமை என்று ஒரு நாள் ஆகும் என்று பாவம், அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனது இப்படித்தான். நம் நாட்டுச் சட்டத்தில் ரொம்ப நாளாக ஒரே கேள்வி: ஒரு விளையாட்டில் திறமை தூக்கலா, அதிர்ஷ்டம் தூக்கலா? திறமை தூக்கல் என்றால் அது சூதாட்டம் இல்லை. 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. செகந்திராபாத்தில் ஒரு கிளப் மேல் ஆந்திர அரசு போட்ட வழக்கு அது. 1996இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் குதிரை ஓட்டத்துக்கும் அதே பதில். 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம்11 பாணி ஆட்டமும் திறமைதான் என்றது. வீரர்களை ஆராய்ந்து, புள்ளி முறையைப் புரிந்துகொண்டு அணியைத் தேர்ந்தெடுப்பதற்கு அறிவு வேண்டும் என்பது வாதம். மறுக்க முடியாத வாதம்தான்.

2020 செப்டம்பரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே வருடக் கடைசியில் அதை முழுச் சட்டமாக்கியது. திறமை ஆட்டமாகவே இருந்தாலும் சரி, ஆன்லைனில் பணம் வைத்து ஆடக் கூடாது. தெலங்கானா 2017லேயே இப்படிச் செய்திருந்தது. தமிழ்நாடும் 2020 நவம்பரில் ஒரு தடை கொண்டுவந்தது. ஆனால் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம் 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் பெயர் சொல்லிக் குறிவைத்தது ரம்மியையும் போக்கரையும்தான். ஃபேன்டஸி அந்தப் பட்டியலில் இல்லை.

விளைவு? சித்தூரில் இருந்துகொண்டு செயலியைத் திறந்தால் இருப்பிடத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் மாநிலத்தில் பணப் போட்டிக்கு அனுமதி இல்லை என்று சொல்லும். ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினால் அதே போன், அதே செயலி, "வாங்க வாங்க" என்று கூப்பிடும். நகரியில் தடை, திருத்தணியில் தாராளம். ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் அதே மனிதன் சூதாடியிலிருந்து திறமைசாலி ஆகிவிடலாம்!

சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சொந்தத்தில் நடந்தால் சிரிப்பு வராது.

அக்கா பையன்

என் அக்கா குடும்பம் சித்தூரில். பையன் படித்தது வேலூர்ப் பக்கம், ஹாஸ்டலில். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவான். "நம்ம ஊர்லதான் அதையெல்லாம் தடை பண்ணிட்டாங்களே" என்று அக்கா நிம்மதியாக இருந்தார். வீட்டுக்கு வந்தால் பையன் சமத்து. போனைத் தொடுவதுகூட இல்லை. ஹாஸ்டலில் என்ன நடந்தது என்று தெரிந்தது 2023 ஐபிஎல் முடிந்த பிறகு, பரீட்சைக் கட்டணத்துக்கு அனுப்பிய காசு கட்டப்படவில்லை என்று கல்லூரியிலிருந்து போன் வந்தபோதுதான். எந்தச் செயலி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது முக்கியமும் இல்லை.

அக்கா எனக்குப் போன் போட்டு, "டேய் தம்பி, நீ கம்ப்யூட்டர்க்காரன்தானே, அவன்கிட்ட நீ பேசு" என்றார். பேசினேன். பையன் அழவில்லை, மழுப்பவும் இல்லை. எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பினான். ஒவ்வொரு மைதானத்துக்கும் சராசரி ரன், ஒவ்வொரு பந்துவீச்சாளரும் எந்த ஓவர் போடுவார், யாருக்கு எத்தனை புள்ளி வரும் என்று அப்படி ஒரு உழைப்பு. என் டீமில் வேலை பார்க்கும் சிலர்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்.

"மாமா, நான் போட்ட கணக்கு எல்லாமே சரிதான். ஒண்ணு ரெண்டு மேட்ச்ல லக் இல்ல, அவ்ளோதான்" என்றான்.

"ஒரு மேட்ச்சுக்கு எத்தனை டீம் போடுவே?"

"மூணு. ஒண்ணுக்கு 49 ரூபாதான் மாமா."

49 ரூபாய்தான். மூன்று அணிக்கு 147. அந்த ஐபிஎல்லில் 74 ஆட்டம். 147-ஐ 74-ஆல் பெருக்கினால் 10,878. இடையிடையே ஜெயித்ததெல்லாம் திரும்ப உள்ளேயே போயிருந்தது. கடைசி இரண்டு வாரம் விட்டதைப் பிடிக்கப் பெரிய கட்டணப் போட்டிகள் வேறு. தொகையைச் சொல்லி அவனை இங்கே அவமானப்படுத்த மனசில்லை. அக்கா வீட்டுக்காரர் தன் வண்டியை விற்று அடைத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதில் என்னை உறுத்துவது இதுதான். "ஆட்டத்தைப் புரிந்துகொண்டு ஆடுங்கள், புள்ளி முறையைப் படியுங்கள்" என்று விளம்பரம் சொல்கிறதே, அதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தவன் இவன். அறியாமையால் தோற்கவில்லை. தனக்குத் திறமை இருக்கிறது என்பது உண்மையாக இருந்ததால்தான் நிறுத்தாமல் ஆடினான். லாட்டரி வாங்குகிறவனுக்குத் தான் அதிர்ஷ்டத்தை நம்புகிறோம் என்றாவது தெரியும்.

கேள்வியே தப்பு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. இந்தியச் சட்டையிலிருந்தும் இறங்கியது. நிறுவனங்கள் சில நீதிமன்றப் படியேறின. வழக்கு எந்தப் பக்கம் போனாலும் என் கருத்து மாறப்போவதில்லை.

எதிர்வாதம் தெரியும். வயது வந்தவன் தன் காசில் ஆடுகிறான், உனக்கென்ன? ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சே? 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்த அரசாங்கம் திடீரென்று நல்லவன் ஆகிவிட்டதா? முறையாக நடந்ததை மூடினால் எங்கிருந்தோ நடத்தும் திருட்டுச் சூதாட்டத் தளங்களுக்குத்தானே கூட்டம் போகும்? இதில் கடைசிக் கேள்வி நியாயமானது. தடை போட்டதோடு வேலை முடிந்தது என்று அரசாங்கம் தூங்கினால் அதுதான் நடக்கும். வேலை போன பிள்ளைகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, நானும் இந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறேன். ஆனால் ஒரு தொழிலின் வருமானமே அக்கா பையன் மாதிரி ஆட்கள் நிறுத்தாமல் ஆடுவதில் இருக்கிறது என்றால், அந்த வேலையைக் காட்டி அந்தத் தொழிலைக் காப்பாற்றச் சொல்வது சரியாகப் படவில்லை.

"திறமையா, அதிர்ஷ்டமா?" என்று ஐம்பது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தோம். கேள்வியே தப்பு என்பது என் எண்ணம். ஃபேன்டஸியில் திறமை உண்டு, சந்தேகமில்லை. அது காசு கட்டும் குடும்பத்தைக் காப்பாற்றாது. கேட்க வேண்டியது வேறு: எத்தனை நாளில் முடிவு? யார் பங்கு எடுக்கிறார்? சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், ரம்மிக்குப் பச்சைக்கொடி காட்டியதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த 1968 தீர்ப்பிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கிளப் நடத்துகிறவர் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்று. முன்பாதியை மட்டும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் பாசாங்கு குறைவு. காசு கட்டிப் பரிசு வாங்கும் ஃபேன்டஸி என்றால் அது பந்தயச் சட்டத்துக்குள் வந்துவிடும், உரிமம் வேண்டும். அதற்காக இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். பிரீமியர் லீக் ஆட்டத்தைப் போட்டால் சட்டையிலும் பலகையிலும் பந்தயக் கம்பெனி விளம்பரமாகத்தான் வருடக்கணக்காகப் பார்த்தோம். 2025-26 சீசன் முடிவோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாகக் கிளப்புகள் 2023இல் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். இலவச ஃபேன்டஸியில் பழகிய பையனுக்குப் பதினெட்டு வயது ஆகும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால், பள்ளி வாசலில் கேட்ட அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் என் பதில் இதுதான். பிள்ளை ஆடும் ஆட்டத்தைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள்.

1. உள்ளே நுழையக் காசு கேட்கிறதா? கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 49 ரூபாயோ 1 பவுண்டோ, தொகை சின்னது என்பது சமாதானம் இல்லை.
2. முடிவு தெரிய எத்தனை நாள்? ஒரு சீசன் என்றால் பொறுமை வளரும். ஒரு ராத்திரி என்றால் வேறு ஏதோ வளரும்.
3. நண்பர்களுக்குள் தனி லீக் வைத்து "ஆளுக்கு இருபது பவுண்டு" என்று வசூல் நடக்கிறதா? பெரியவர்களே ஆபீஸில் செய்கிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரு லீக் ஓடுகிறது. சித்தூர், திருப்பதி, சென்னை, லண்டன் என்று 14 அணி. காசு கிடையாது. கடைசி இடம் பிடிப்பவர் திருப்பதி வீட்டில் எல்லோரும் கூடும்போது சமையல் செய்ய வேண்டும் என்பது மட்டும் விதி. இங்கே காலை 11 மணி டெட்லைன், ஊரில் மாலை நாலரை (கோடையில் மூன்றரை). தாத்தா நாலு மணிக்கே போன் போட்டு, "ஏண்டா, அந்த கோலிக்கு முட்டி வலின்னு போட்டிருக்கானே, மாத்திட்டியா?" என்று கேட்கிறார். கோல்கீப்பரைத்தான் அவர் கோலி என்பார். கிரிக்கெட் கோலி என்று நினைத்து முதல் வாரம் எல்லோரும் குழம்பிப்போனோம்.

லீக்கில் இப்போது முதலிடம் யார் தெரியுமா? அக்கா பையன்தான். படிப்பு முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டான். அந்த எக்செல் கோப்பைக் கால்பந்துக்கு மாற்றி வைத்திருக்கிறான், கேட்டால் தர மறுக்கிறான். பத்தொன்பதாவது வாரத்தில் என்னைவிட 112 புள்ளி முன்னால் இருக்கிறான் பயல்.

உங்கள் வீட்டில் என்ன நிலவரம்? பிள்ளைகள் ஆடுகிறார்களா, காசு வைத்து ஆடும் பழக்கம் அக்கம்பக்கத்தில் இருக்கிறதா? ஊரில் உங்கள் சொந்தத்தில் யாராவது மாட்டினார்களா? எழுதுங்கள், பேசுவோம்.

பி.கு.: ஊரில் யாராவது பணத்தை விட்டுவிட்டு வெளியே சொல்ல முடியாமல் தவித்தால், திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பணத்தை எப்படியாவது சம்பாதித்துக்கொள்ளலாம்.